பிள்ளைக்கு வீட்டிலேயே மது ஊற்றிக் கொடுக்கலாமா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன். அதில் 11 ஆண்டுகள் ஆண்கள் விடுதிக்குக் காப்பாளராகவும் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பழைய மாணவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் இன்றும் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விகளில் பாதி குடியைப் பற்றியவை. பெரும்பாலும் 17 வயதிலிருந்து 20 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்னவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எப்படியும் குடிக்கத்தான் போகிறான். எங்கோ போய்க் குடிப்பதைவிட வீட்டில் என் கண் முன்னால் குடிக்கட்டுமே?

இதைக் கேட்கிறவர்கள் பொறுப்பில்லாத பெற்றோர் அல்லர். பயந்துபோன பெற்றோர். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால், கூடாது என்பதே என் பதில். ஏன் என்பதற்கு ஒரு இரவைச் சொல்ல வேண்டும்.

இறுதியாண்டு மாணவர்களின் பிரிவு உபசார நாள். இரவு 11 மணிக்கு மேல் மூன்று பையன்கள் என் அறைக் கதவைத் தட்டினார்கள். பேச்சு வரவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். விருத்தாசலம் பக்கத்துப் பையன், இரண்டாம் ஆண்டு, 19 வயது. தரையில் மல்லாந்து கிடந்தான். வாயோரம் வாந்தி. மூச்சு விடும்போது தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். அவனைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்து, கொடியில் கிடந்த லுங்கியை இழுத்து வாயைத் துடைத்தேன். அந்தச் சத்தம் நின்றது. 108 வரும்வரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவன் அப்பா வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுச் சட்டையும் ஒரு பிளாஸ்கும். பையன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்த பிறகு, மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நானேதான் சார் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பேன். வெளியே போய்க் கெட்டுவிடக் கூடாதென்று. எவ்வளவு தாங்கும் என்று அவனுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.”

ஒரு வாரம் கழித்துப் பையன் என் அறைக்கு வந்தான். அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: “அப்பா கொடுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை சார். அதனால் இதுவும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.”

அப்பா அளவைக் கற்றுக்கொடுப்பதாக எண்ணினார். மகன் கற்றுக்கொண்டது, ஒன்றும் ஆகாது என்பதை. வீட்டில் அப்பா பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். விடுதி அறையில் அதை மூடி வைக்க யாரும் இல்லை. அளவு அந்த அப்பாவின் கையில் இருந்தது, பையனிடம் அது ஒருநாளும் வந்து சேரவில்லை.

வீட்டில் பழக்கினால் நிதானம் வரும் என்பதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

ஆராய்ச்சி உண்டு. ஆனால் அது மறுபக்கம்தான் சாய்கிறது. ஆஸ்திரேலியாவில் 1,927 பள்ளிப் பிள்ளைகளை 12 வயது முதல் 18 வயது வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது கிடைத்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. எங்கிருந்தும் மது கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பெற்றோர் மட்டுமே கொடுத்த பிள்ளைகளிடம்கூட அளவு மீறிக் குடிப்பதும், குடியால் வரும் தொல்லைகளும் அதிகமாக இருந்தன. பெற்றோர் கொடுத்த பிள்ளைகள் மற்றவர்களிடமிருந்தும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு கூடியது.

அதற்கு முன்னரே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. விக்டோரியாவில் பெரியவர் முன்னிலையில் பிள்ளை குடிப்பது சகஜம். வாஷிங்டனில் அது குறைவு. இரண்டு இடங்களிலும் பெரியவர் பார்வையில் குடித்துப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் அடுத்த ஆண்டு தொல்லை அதிகமாக வந்தது.

இவை பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை, நம் பிள்ளைகளோ கல்லூரிக்குப் போகிறவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும், வீட்டில் ‘எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை’ என்று தெளிவாகச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகள்தான் குறைவாகக் குடித்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் அதிகமாகக் குடித்திருக்கிறார்கள். கல்லூரியில் சேருவதற்கு முன்பே பெற்றோர் பிள்ளையை உட்கார வைத்து இதைப் பேசிவிட்டால் பயன் இருக்கிறது என்றும் அங்கே கண்டிருக்கிறார்கள். பிளஸ் டூ முடிந்து, கல்லூரி திறப்பதற்குக் காத்திருக்கிற அந்தக் கோடை விடுமுறையை நாம் கலந்தாய்வு, கட்டணம், ஹாஸ்டல் பெட்டி என்று கழித்துவிடுகிறோம். அதில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? புதுச்சேரியில் 18 தானே?

ஆம். புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. கடலூரிலிருந்து புறப்பட்டு ஆல்பேட்டை தாண்டி முள்ளோடையில் எல்லை கடந்தால், இந்தப் பக்கம் டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்கக் கூடாத 19 வயதுப் பையன் அந்தப் பக்கம் வாங்கலாம். அரை மணி நேரப் பஸ் பயணத்தில் பிள்ளையின் ஈரல் மூன்று வயது மூத்துவிடுவதில்லை.

இந்த இரண்டு வயதையும் விட முக்கியமான ஒன்று பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு நாடு முழுவதற்கும் பொருந்தும். 18 வயது நிரம்பாத ஒருவருக்கு, தகுதியுள்ள மருத்துவரின் உத்தரவு இல்லாமல் மது கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அப்பா, அம்மா என்பதற்காக அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் இல்லை. கல்லூரி முதலாண்டில் எத்தனையோ பிள்ளைகள் 17 வயதில்தான் வந்து சேர்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் இந்த விவாதம் வேறு மாதிரி. அங்கே 1984இல் வந்த சட்டத்தின் அழுத்தத்தால் எல்லா மாநிலங்களிலும் வயது 21 ஆனது. ஆனாலும் சில மாநிலங்களில் பெற்றோர் தம் பிள்ளைக்குத் தாமே கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. அந்த நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எங்கள் குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கத்தில் வளர்ந்தது. பிரான்சில் பிள்ளைகளுக்கு ஒயின் கொடுத்துத்தானே வளர்க்கிறார்கள்?

தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கலந்த ஒயின் உண்டு என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். அந்த மேசையின் ஒழுங்கும் அன்பும் அவருக்கு உயிர். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் பிரான்சே அந்த வழக்கத்திலிருந்து படிப்படியாக விலகி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்திலேயே ஒயின் இருந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதை 1956இல் நிறுத்தினார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் 1981இல் நிறுத்தினார்கள். பீர், ஒயின் வாங்கும் வயது 16ஆக இருந்ததை 2009இல் 18ஆக உயர்த்தினார்கள். மது விளம்பரத்துக்கு 1991லேயே கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். ஒயினைத் தங்கள் அடையாளமாக நினைக்கிற நாடு இவ்வளவையும் செய்தது என்றால், பட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்திருக்கும்.

பீர்தானே, அதில் என்ன இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்று எழுதியிருந்தால் அதற்குள் 52 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 41 கிராம். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 42.8 சதவீதம். அது ஏறத்தாழ 61 கிராம். பீர் இரண்டு பாட்டில் குடித்தவன் குவார்ட்டர் ஒன்றைக் குடித்தவனைவிட அதிகமாகவே ஆல்கஹால் குடித்திருக்கிறான்.

ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். அந்தக் குவார்ட்டர் கரைய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோர், எலுமிச்சம்பழச் சாறு, காப்பி, தலையில் பச்சைத் தண்ணீர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

18 ஆகிவிட்டால் உடம்பு முழுதாக வளர்ந்துவிட்டது, இல்லையா?

உயரம் வளர்ந்துவிட்டது. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நிதானித்து, விளைவை யோசித்து, ‘போதும்’ என்று சொல்கிற முன்பகுதி 25 வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. மது முதலில் மழுங்கடிப்பதும் அதே நிதானத்தைத்தான். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அது பெற்றோராகிய நமக்கும் சேர்த்துத்தான்.

பெண் பிள்ளையிடமும் இதைப் பேச வேண்டுமா?

கட்டாயம் பேச வேண்டும். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில் ஆல்கஹால் செறிவு கூடுதலாக இருக்கும். பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பது அதற்கு முக்கியக் காரணம். இதை மகளுக்குச் சொல்லும் வீடுகள் மிகக் குறைவு. ‘நம் வீட்டுப் பெண் அப்படிச் செய்ய மாட்டாள்’ என்று பேச்சையே மூடிவிடுகிறோம். அதனால் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் அவள் கடைசியாக அழைப்பது நம்மைத்தான். மகனுக்கு ஒரு பேச்சு, மகளுக்கு ஒரு மௌனம் என்று வைக்காதீர்கள்.

நானே குடிக்கிறேன். எந்த முகத்தோடு அவனிடம் வேண்டாம் என்பது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. கேட்கிற அப்பாக்களின் குரல் தாழ்ந்துவிடும்.

இருக்கிற முகத்தோடு சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். ‘நான் ஆரம்பித்தபோது எனக்கும் 19. விட முயன்றேன், முடியவில்லை. உன் அம்மா எத்தனை இரவு சாப்பிடாமல் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்’ என்று ஒரு அப்பா மகனிடம் சொன்னால், ஊரில் உள்ள எல்லா விழிப்புணர்வுப் பேரணியும் செய்யாததை அது செய்யும். நெய்வேலியில் வேலை பார்த்த ஒருவர் மகனிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒத்திகை பார்க்க வந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் அழுதுவிட்டார். மறுநாள் மகனிடம் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னாராம். மீதியை மகன் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

சொல்வதோடு சில காரியங்களும் செய்ய வேண்டும். வீட்டில் பாட்டிலைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். கடைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். சோடா, தொட்டுக்கொள்ள ஏதாவது, டம்ளர் என்று பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். உங்கள் வேலை அலுப்பையும் கோபத்தையும் அவன் பார்க்கக் குடித்துத் தணிக்காதீர்கள். அலுப்புக்கும் கோபத்துக்கும் இதுதான் மருந்து என்று அவன் குறித்துக்கொள்வான்.

கல்யாண வீட்டில், சாவு வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ ஊற்றிக் கொடுத்தால்?

நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் டம்ளர் இப்படித்தான் வருகிறது. கூட்டாளிகளைக் குற்றம் சொல்வோம். ஆனால் ‘மருமகனே, பெரிய ஆள் ஆகிவிட்டாய்’ என்று மண்டபத்துக்குப் பின்னால் அழைத்துப் போகிறவர் தாய்மாமன். அது பாசம்தான். அதனாலேயே மறுப்பது கடினம்.

மறுக்கும் வேலையைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். விசேஷத்துக்குப் போகும் முன்பே நீங்கள் பேசிவிடுங்கள். ‘தம்பி, அவனுக்கு ஊற்றிக் கொடுக்காதே. கொடுத்தால் எனக்கு மனது கஷ்டமாகிவிடும்’ என்று அக்காவே தம்பியிடம் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள், அக்கா மகன் சொன்னால் பயனில்லை. தம்பி முறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அடுத்த விசேஷத்துக்குள் சரியாகிவிடும்.

புதுச்சேரியிலிருந்து நல்லதாக ஒரு பாட்டில் வாங்கி வந்து கடலூர் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அங்கே வரி கட்டிய மதுவை உரிய அனுமதி இல்லாமல் எல்லை கடத்திக் கொண்டுவருவது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்கு வரும். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். ‘எனக்கு ஒன்று வாங்கி வா’ என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். வழக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் விழும், வேலைக்குப் போகும்போது காவல்துறைச் சரிபார்ப்பில் வந்து நிற்கும்.

கள்ளச்சாராயம், கலப்படம் என்று பயமாக இருக்கிறது. வீட்டில் கொடுத்தால் அதிலிருந்தாவது தப்பிப்பான் அல்லவா?

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். இரண்டு முறையும் மெத்தனால். நம் பக்கத்து மாவட்டங்கள், எனவே உங்கள் பயம் புரிகிறது. அந்த ஆபத்தைப் பிள்ளைக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத பாட்டில், பாக்கெட், மற்றவர் கலந்து நீட்டும் டம்ளர் எதையும் தொடக் கூடாது. மெத்தனால் உடனே காட்டாது. பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வரும். பார்வை மங்குகிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை. சீக்கிரம் போனால் சிகிச்சை உண்டு. வீட்டில் டம்ளர் கொடுப்பது இதற்குத் தடுப்பூசி ஆகாது. வெளியே நீட்டப்படும் டம்ளரைத் தயக்கமில்லாமல் வாங்கும் கையைத்தான் அது பழக்குகிறது.

இவ்வளவு சொல்லியும் ஓர் இரவு போதையில் வந்து நிற்கிறான். என்ன செய்வது?

அந்த இரவில் ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். கேள்வி மறுநாளைக்கு. போதையில் இருப்பவனிடம் பேசுவது அவனுக்கு நினைவிலும் நிற்காது, உங்கள் வாயிலிருந்து வந்தது உங்களுக்கு மட்டும் நின்றுவிடும்.

மல்லாந்து படுக்க விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுங்கள். வாந்தி வந்தால் வெளியே போக வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள். பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பூக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் 108. ‘அக்கம்பக்கம் பார்த்தால் என்ன நினைப்பார்கள்’ என்று யோசிக்கிற அந்தப் பத்து நிமிடம் மிக விலை உயர்ந்தது.

புதுச்சேரிக்கு நண்பர்களோடு பைக்கில் போகிறான். எதைச் சொல்லி அனுப்புவது?

நான் அதிகம் அஞ்சுவது இந்த இரவுப் பயணத்தைத்தான். வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அபராதத்தைச் சொல்லி அனுப்பினால் அவன் போலீஸ் நிற்காத வழியைத் தேடுவான்.

இதைச் சொல்லுங்கள்: ‘நீ குடித்திருந்தாலும், ஓட்டுகிறவன் குடித்திருந்தாலும், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். வந்து அழைத்துப் போகிறேன். அன்று இரவு ஒன்றும் கேட்க மாட்டேன்.’ சொன்னால் காப்பாற்றுங்கள். இரவு 2 மணிக்கு அரியாங்குப்பத்திலிருந்து போன் வந்தால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். திரும்பும் வழியில் பேசாமல் வாருங்கள். இது குடிக்க அனுமதி ஆகாதா என்று ஓர் அம்மா கேட்டார். ஆகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அது அப்படியே நிற்கிறது. தவறிப்போனாலும் வீட்டுக்கு வழி இருக்கிறது என்பது வேறு. அடித்து, பூட்டி, பேச்சை நிறுத்தி வளர்த்த வீடுகளிலிருந்து வந்த பையன்களையும் நான் விடுதித் தரையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் செல்போனில் அப்பாவின் எண்ணை அழுத்தப் பயந்து நண்பர்களின் எண்களை அழுத்துவார்கள்.

பழக்கமாகிவிட்டதோ என்று சந்தேகம். யாரிடம் போவது?

காலையிலேயே கை நடுங்குகிறது, பணம் கணக்கில் வரவில்லை, வகுப்புக்குப் போவதில்லை, குடிக்காத நண்பர்கள் ஒவ்வொருவராக உதிர்கிறார்கள் என்றால் காத்திருக்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவில் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெற்றோர் மட்டும் பேசி யோசனை கேட்பதற்கும் அது உதவும். தினமும் குடித்தவனை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதும் மருத்துவர் பார்வையில்தான்.

21 ஆன பிறகு?

அதன் பிறகு முடிவு அவனுடையது. என் மகனுக்கு இப்போது 31. எப்போதாவது குடிப்பான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் ஊற்றிக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன். கல்லூரி நாட்களில் இரண்டு முறை நள்ளிரவில் போன் செய்தான். இரண்டு முறையும் போய் அழைத்து வந்தேன். இரண்டாவது முறை திண்டிவனம் பைபாஸில் ஒரு டீக்கடை விளக்கின் கீழே நின்றுகொண்டிருந்தான், வண்டிச் சாவி அவன் கையில்.